என்னை இரண்டு வருடமாகத் தெரிந்தவர்

என் பெயர் டேரன் சக்டன். கிர்க்பெக் ஊரில் பதினோரு வருடமாக ஜன்னல் துடைக்கிறேன். கடைத்தெருவின் நாற்பத்திரண்டு கடைகள், ஆற்றங்கரை வீடுகள், பள்ளிக்கூடம், பல் டாக்டரின் மாடி, கவுன்சிலர் வீட்டுக் குளியலறை, எல்லாம் என் கைபட்டுத்தான் வெளிச்சம் பார்க்கின்றன. ஆகவே இந்த ஊரில் என்னைத் தெரியாத ஆளே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் மண்ணள்ளிப் போட்டது ஒரு படிவம்.

என் மகள் பிப்பாவுக்குப் பத்து வயது. ஊர்ப் பிள்ளைகளின் பித்தளை வாத்தியக் குழுவில் கார்னெட் என்ற சின்னக் கொம்பை ஊதுகிறாள். மே மாதக் கடைசியில் குழு பெல்ஜியத்துக்குப் போட்டிக்குப் போகிறது. அதில் பதினாறு தாளம் பிப்பா தனியாக ஊத வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இவளைப் பார்ப்பார்கள். அவளிடம் பாஸ்போர்ட் இல்லை. எங்களுக்கு எதற்குப் பாஸ்போர்ட்? வருடம் தவறாமல் பிரிட்லிங்டன் கடற்கரையில் ஒரு வாரம், அதில் ஆறு நாள் மழை. அதற்கு எவனும் முத்திரை குத்துவதில்லை.

காகித வேலையெல்லாம் என் மனைவி ஷெரில் பார்ப்பாள். அவள் ஒரு உல்லாசக் கப்பலில் முடி திருத்துகிறாள். ஜனவரியில் போனவள் ஜூனில்தான் வருவாள். அப்போது சிலி நாட்டுப் பக்கம் எங்கேயோ மிதந்துகொண்டிருந்தாள். அதனால் படிவம் என் தலையில் விழுந்தது.

குழுவை நடத்தும் மிஸஸ் நெய்லர் திங்கட்கிழமை என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்த இருபத்தொரு பேரும் பாஸ்போர்ட் எண்ணைக் குடுத்துட்டாங்க. உங்க பொண்ணு ஒருத்திதான் பாக்கி. வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு வரும்போது விண்ணப்பம் போட்ட ரசீது கையில இருக்கணும், மிஸ்டர்…" என்று நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து, பிறகு என் வாளியைப் பார்த்து, "பிப்பா அப்பா" என்று முடித்தாள். "இல்லேன்னா அந்தத் தனி ஊதலைக் கறிக்கடை பெத்தனிக்குக் குடுத்துடுவேன். எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஆள் வேணுமே."

பெத்தனி கார்னெட் ஊதினால் கதவுக் கீல் எண்ணெய் கேட்பது மாதிரி இருக்கும். அதை நான் வெளியே சொல்லவில்லை.

பிப்பா அழுது அடம்பிடிக்கிற பிள்ளை அல்ல. அன்று மாலை அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு வேண்டாம் என்று என் பழைய காலுறையைக் கார்னெட்டின் வாயில் திணித்துக்கொண்டு அந்தப் பதினாறு தாளத்தை முப்பது தடவை ஊதினாள். அழுதிருந்தாலாவது அதட்டியிருக்கலாம்.

படிவத்தை மேசையில் விரித்தேன். பெயர், பிறந்த நாள் எல்லாம் சரி. ஒன்பதாம் பக்கத்தில்தான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. உறவில்லாத ஒருவர், ஊரில் மதிப்பான வேலையில் இருப்பவர், இந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டோவின் பின்னால், 'இது இந்தக் குழந்தையின் உண்மையான உருவம்' என்று தன் கையால் பெயரை எழுதித் தர வேண்டும். எந்தெந்த வேலைக்காரர்கள் என்று ஒரு நீளப் பட்டியலும் கொடுத்திருந்தார்கள். ஜன்னல் துடைப்பவர் அதில் இல்லை. இருக்கும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

பென்சிலை எடுத்தேன். ஆசிரியர், தெரியும். பல் டாக்டர், தெரியும். கவுன்சிலர், மிக நன்றாகத் தெரியும். மதுக்கடை நடத்துபவர், தெரியும். இப்படியே குறி போட்டுக்கொண்டு வந்தவன் ஒரு வரியில் நின்றேன். இறுதிச் சடங்கு ஏற்பாட்டாளர். நம் ஊரில் அது மிட்ஜ்லி. அந்த வரியை அழுத்தி அடித்துவிட்டேன்.

பெற்ற பிள்ளையின் போட்டோவுக்குப் பின்னால் சவப்பெட்டிக்காரர் கையால் பெயர் எழுதி வாங்குகிற தகப்பன் எங்கேயாவது உண்டா? சவப்பெட்டி மூடியின் பித்தளைத் தகட்டில் பெயர் எழுதுகிற கை அது. எனக்கு மூடநம்பிக்கை எல்லாம் கிடையாது. ஏணிக்கு அடியில் மட்டும் நடக்க மாட்டேன். என் தொழிலில் அது தினமும் பெரிய இம்சை.

செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குப் போய், பிப்பாவின் ஆசிரியை மிஸ் டென்பியிடம் படிவத்தை நீட்டினேன். தங்கமான பெண். "பிப்பாவுக்கா? சந்தோஷமா!" என்று நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதற்கா ஷெரில் வருடக்கணக்காகப் பெருமூச்சு விடுகிறாள் என்று சிரித்துக்கொண்டே தபால் நிலையத்துக்குப் போனேன்.

அங்கே படிவங்களைச் சரிபார்த்து அனுப்புவது மிஸஸ் காஸ்லிங். லீட்ஸ் நகரத்திலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு படித்தாள்.

"இந்த டீச்சரம்மாவுக்கு யாரைத் தெரியும்?"

"என் பொண்ணை. நாலு வருஷமா."

"பொண்ணைத் தெரிஞ்சா மட்டும் போதாது கண்ணு. பொண்ணுக்காகக் கையெழுத்துப் போட்ட பெரியவங்களை ரெண்டு வருஷமாத் தெரிஞ்சிருக்கணும். அதாவது உங்களை."

"பாஸ்போர்ட் என் பொண்ணுக்கு."

"ஆமா."

"போட்டோ என் பொண்ணோடது."

"ஆமா."

"போகப் போறது என் பொண்ணு. நான் பெல்ஜியம் பக்கமே தலை வெச்சுப் படுக்கப் போறதில்லே."

"சரிதான்."

"அப்போ தெரிஞ்சிருக்க வேண்டியது என்னையா?"

"ஆமா கண்ணு."

"எதுக்கு?"

"அது படிவத்துல போடலே" என்று சொல்லிப் புதுப் படிவம் ஒன்றை நீட்டினாள். "சும்மா வேலை விஷயமாத் தெரிஞ்சாலும் செல்லாது. ஃப்ரெண்டு, பக்கத்து வீடு, கூட வேலை செய்யறவங்க, அப்படி இருக்கணும்."

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் போய் மிஸ் டென்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் புதுப் படிவத்தை வாங்கிப் படித்தாள். புருவம் சுருங்கியது.

"இதுல 'டேரன் சக்டனை எனக்கு இத்தனை வருஷமாத் தெரியும்'னு எழுதணுமாமே. யாரு இந்த டேரன்?"

"நான்தான்."

அவள் முகம் சிவந்துபோயிற்று. பாவம், அவள் மேல் தப்பில்லை. பெற்றோர் கூட்டத்துக்கெல்லாம் ஷெரில்தான் போவாள். நான் அந்த நேரத்தில் ஏணியில் இருப்பேன். "மன்னிச்சுக்குங்க, பொய் எழுத முடியாதே" என்றாள் மெதுவாக. அப்புறம் என்ன நினைத்தாளோ, "ஷெரில்னா கண்ணை மூடிட்டுப் போட்டிருப்பேன்" என்று வேறு சேர்த்துக்கொண்டாள்.

அவள் வகுப்பறை ஜன்னலை மாதம் ஒரு தடவை துடைக்கிறேன். நாலு வருடம், வருடத்துக்குப் பத்து முறை. கணக்கில் நான் புலி அல்ல, ஆனால் நாற்பது தடவை அவளும் நானும் ஒரு முழம் இடைவெளியில் நின்றிருக்கிறோம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஜன்னலில் நான் தோன்றினால் இந்த ஊர் மக்கள் ஒரு வேலை செய்வார்கள். சட்டென்று எதையாவது பார்ப்பார்கள். கெட்டிலைப் பார்ப்பார்கள், காலண்டரைப் பார்ப்பார்கள், ஒன்றும் இல்லாவிட்டால் தங்கள் நகத்தைப் பார்ப்பார்கள். சண்டை போட்டுக்கொண்டிருந்த புருஷனும் பெண்டாட்டியும் அப்படியே சிலையாகி, நான் இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். இது அவமதிப்பு இல்லை, மரியாதை. ஜன்னல்காரன் கண்ணில் படவே மாட்டான் என்பதாக நடந்துகொள்வதுதான் இங்கே நல்ல பழக்கம். என் பக்கத்து மரியாதை, கண்ணாடியைப் பார்ப்பது, கண்ணாடிக்குள்ளே பார்க்காமலிருப்பது. பதினோரு வருடம் இரண்டு பக்கமும் இந்த மரியாதையைக் கட்டிக் காத்தோம். அதன் பலன் இப்போதுதான் தெரிந்தது.

புதன்கிழமை பல் டாக்டரிடம் போனேன். அவர் நல்ல மனுஷர், வாயைத் திற என்று சொல்லாமலேயே பேசினார். ஆனால் அவருடையது ஹாலந்து பாஸ்போர்ட். இருபது வருடமாக இந்த ஊரில் பல் பிடுங்குகிறார், பாஸ்போர்ட்டை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

அடுத்தது மதுக்கடை. அதை நடத்தும் மாரீனுக்கு என்னை நன்றாகவே தெரியும். நானும் அவளும் முகம் பார்த்துப் பேசுவோம், திட்டிக்கொள்வோம். ஆனால் அவள் ஷெரிலின் சித்தி.

"உறவுன்னு வெளியே சொல்லாதே" என்றாள் மாரீன்.

"கல்யாணத்துல எனக்குப் பக்கத்துல நின்னு அழுத போட்டோ உன் கடைச் சுவத்துலயே மாட்டியிருக்கே, சித்தி."

"அதைக் கழட்டிடறேன்."

"படிவத்துல பொய் சொன்னா ஜெயில்னு போட்டிருக்கான்."

"அப்ப மாட்டியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மேசையைத் துடைக்கப் போய்விட்டாள்.

மிச்சம் கவுன்சிலர். கவுன்சிலர் பிரெய்த்வெய்ட்டுக்கும் எனக்கும் ஒரு பழைய கதை உண்டு. மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை, அவர் வீட்டு மாடியில் ஏணியைச் சாய்த்து ஏறிப் பார்த்தால், குளியலறைத் திரை விலகியிருந்தது. மனிதர் தொட்டிக்குள் நின்றுகொண்டு, தலையில் நுரையோடு, மிகுந்த உணர்ச்சியோடு ஒரு மேடைப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கையை ஓங்கித் திரும்பியவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்துவிட்டேன். மரியாதைக்கு அன்று இருவருக்குமே நேரம் போதவில்லை.

ஆகவே என்னை அவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை என்ற நம்பிக்கையில் அவர் அலுவலகத்துக்குப் போனேன்.

"சக்டனா?" என்று உதட்டைப் பிதுக்கினார். "ஞாபகம் இல்லியே."

"ஜன்னல் துடைக்கிறவன், சார். உங்க வீட்டு ஜன்னல்."

"ஏஜென்சிக்காரங்க யாரோ வருவாங்க போல. எனக்கு அதெல்லாம் தெரியாது."

"ஒரு தடவை நேருக்கு நேர்…"

"நாம சந்திச்சதே இல்லே" என்றார் கவுன்சிலர். காது நுனி வரை சிவந்திருந்தது. "சந்திச்சதே இல்லே, மிஸ்டர் சக்டன். நான் சத்தியமே பண்ணுவேன்."

என்னைத் தெரியும் என்று கையெழுத்துப் போட ஓர் ஆள் தேடிப் போனேன். தெரியாது என்று சத்தியம் பண்ண ஆள் கிடைத்தது.

மாலை ஷெரில் போன் பண்ணினாள். கப்பலிலிருந்து பேசினால் குரல் விட்டு விட்டு வரும். நடந்ததை எல்லாம் சொன்னேன். பின்னால் யாரோ தலை உலர்த்தும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான் இருந்தா அஞ்சு பேர் வரிசையில நிப்பாங்க" என்றாள்.

"நீ இல்லியே."

"டாக்டர்?"

"எனக்கு உடம்புக்கு வந்ததே இல்லே."

"சர்ச்?"

"ஜன்னல்ல வண்ணக் கண்ணாடி. அதைத் தொட என்னை விடறதில்லே."

தலை உலர்த்தும் இயந்திரத்தின் சத்தம் நின்றது. தொடர்பு போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு தெளிவாகக் கேட்டது. "டேரன், உன்னை யாருக்குத்தான் தெரியும்?"

குத்திக் காட்ட அவள் கேட்கவில்லை. யோசித்துத்தான் கேட்டாள். அதனால்தான் வலித்தது. நான் போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றேன். மாடியில் காலுறைக்குள்ளிருந்து கார்னெட் முனகிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை வந்தது. மாதத்தின் மூன்றாவது வியாழன், கடைத்தெருவின் கடைசிப் பகுதி. அன்றைய கடைசி ஜன்னல், மிட்ஜ்லியின் ஜன்னல். பள்ளிக்கூடம் விட்டதும் பிப்பாவை ஏற்றிக்கொண்டு போனேன். வியாழக்கிழமைகளில் வீட்டில் ஆள் இல்லாததால் அவள் வேனில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள்.

மிட்ஜ்லியின் ஜன்னலைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. ஷெரிலிடம்கூட. அவருடைய அறை பின்பக்க முற்றத்தைப் பார்த்தது. எட்டு வருடத்துக்கு முன் முதல் தடவை அங்கே போனபோது அவர் போனில் யாரோ அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நுரையைப் பூசினேன். அவர் நிமிர்ந்தார். காலண்டர் சுவரில்தான் இருந்தது, நகமும் கையில்தான் இருந்தது. ஆனால் அவர் என்னையே பார்த்தார். நான் தலையாட்டினேன், அவரும் ஆட்டினார்.

அடுத்த மாதம் எனக்கு என்ன தோன்றியதோ, நுரையில் விரலால் குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு இழுத்து, ஒரு மூலையில் பெருக்கல் குறி போட்டேன். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் விளையாடுகிற அதே ஆட்டம்தான். மிட்ஜ்லி எழுந்து வந்தார். கறுப்புக் கோட்டு, கறுப்புக் கழுத்துப் பட்டை, முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. கண்ணாடியின் உள்பக்கம் வாயால் ஊதி, படிந்த ஆவியில் நடுக் கட்டத்தில் ஒரு முட்டை போட்டார்.

அன்றிலிருந்து மாதத்துக்கு ஒரு ஆட்டம். வெளியே என் பெருக்கல், உள்ளே அவர் முட்டை. ஆடி முடித்ததும் ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு, எல்லாம் சுத்தம். பெரும்பாலும் யாரும் ஜெயிப்பதில்லை. கெட்டிக் கண்ணாடி, திறக்காத ஜன்னல். ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் குரல் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

அந்த வியாழன் நான் ஆட்டத்தில் இல்லை. மூன்றாவது நகர்விலேயே தோற்றேன். மூன்று வயதுப் பிள்ளைகூட அப்படித் தோற்காது. மிட்ஜ்லி சந்தோஷப்படவில்லை. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். பிறகு ஊதி, நான் படிக்கிற மாதிரி எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதினார்: 'என்ன ஆச்சு?'

'ஒன்றுமில்லை' என்று நுரையில் எழுதிவிட்டு வேனுக்குத் திரும்பினேன். ஜன்னலை வழிக்கக்கூட இல்லை. என் தொழிலில் அதைவிடக் கேவலம் கிடையாது.

பிப்பா மடியில் படிவ உறையும் பட்டியலும் இருந்தன. வேனில் கழற்றிப் போட்டிருந்த என் கோட்டுப் பையிலிருந்து எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இந்த வரியை ஏன் அடிச்சிருக்கீங்க?"

"அது வேண்டாம்."

"இறுதிச் சடங்குன்னா இவர்தானே?"

"ஆமா. வேண்டாம்னு சொன்னேன்ல."

"உங்க ஃப்ரெண்டுதானே அவர்?"

"ஃப்ரெண்டா? அவர் சவப்பெட்டிக்காரர். நான் ஜன்னல் துடைக்கிறேன், அவ்வளவுதான்."

"ஊர்ல எல்லா ஜன்னல்லயும் உங்க மூஞ்சி இப்படி இருக்கும்" என்று உதட்டைத் தொங்கவிட்டுக் காட்டினாள். "அவர் ஜன்னல்ல மட்டும் சிரிப்பீங்க. நான் இங்கேருந்து பாப்பேன். ஒரு நாள் நான் அவருக்கு நாக்கைத் துருத்திக் காட்டினேன். அவரும் காட்டினார்."

"மிட்ஜ்லியா? நாக்கையா?"

"நல்லா நீளமா."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தேன் என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. "அவர் எழுதறது யாரோட பேருன்னு உனக்குத் தெரியாது, பிப்பா. செத்தவங்க பேரு. உன் பேரை அந்தக் கையால எழுத விடமாட்டேன்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். "பெத்தனியே ஊதட்டும்கறீங்களா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ரப்பர் கட்டையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன். அவள் வேன் கதவைத் திறந்து இறங்கி, உறையையும் பட்டியலையும் மார்போடு அணைத்துக்கொண்டு, தெருவைச் சுற்றி அந்தக் கறுப்பு முன்கதவை நோக்கி நடந்தாள். நான் கையில் ஈரக் கட்டையோடு பின்னால் ஓடினேன். ஓடிப் பிடிப்பதற்குள் மணியை அடித்துவிட்டாள்.

மிட்ஜ்லியே கதவைத் திறந்தார். எட்டு வருடமாக அந்த ஜன்னலில் நான் பார்த்தது இடுப்புக்கு மேலே மட்டும்தான். கீழே, கறுப்புக் கால்சட்டைக்கும் கீழே, கம்பளி நூலில் பின்னிய ஆரஞ்சு நிறச் செருப்பு போட்டிருந்தார்.

"உள்ளே வாங்க, டேரன்" என்றார். மெல்லிய, கீச்சுக் குரல். அந்த உடம்புக்குப் பொருந்தவே இல்லை. "பிப்பாவும் வாம்மா."

"எங்க பேரு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"மூணு வருஷம் முன்னே உங்க வேன் கதவுத் தூசியில யாரோ விரலால எழுதியிருந்தாங்க. 'டேரன் சக்டன் ஊர் ஜன்னலை எல்லாம் கழுவுவார், சொந்த வேனைக் கழுவ மாட்டார். இப்படிக்கு அவர் மகள் பிப்பா.' முற்றத்துலதானே நிறுத்துவீங்க? கோடை முழுக்க அது அங்கேயே இருந்துச்சு. அதனால எழுதினது உண்மைதான்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

பிப்பா உறையையும் பட்டியலையும் அவர் மேசையில் வைத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். பெல்ஜியம், பதினாறு தாளம், நாளைக்கு ரசீது, பெத்தனி, கதவுக் கீல். கடைசியை அவள் எங்கே பொறுக்கினாளோ தெரியாது. மிட்ஜ்லி குறுக்கே பேசாமல் கேட்டார். அது அவர் தொழில். பிறகு பட்டியலை எடுத்தார்.

நான் எட்டிப் பிடுங்கப் பார்த்தேன். தாமதமாகிவிட்டது. அவர் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி, பென்சிலால் அழுத்தி அடித்திருந்த வரியில் நின்றது. மற்ற வரிகளுக்கெல்லாம் குறி மட்டும் போட்டிருந்தேன். அடித்திருந்தது அது ஒன்றைத்தான். காகிதம் கிழிகிற அளவுக்கு அடித்திருந்தேன்.

என் வாழ்நாளில் அத்தனை வெட்கப்பட்டதில்லை. கவுன்சிலராவது நுரைக்குப் பின்னால் நின்றார், எனக்கு அதுகூட இல்லை.

"பழக்கம்தான்" என்றார் மிட்ஜ்லி. "நீங்க ஏணியில நின்னா ஜனங்க கீழே பாப்பாங்க. நான் தெருவுல நடந்தா வானத்தைப் பாப்பாங்க. மழை வருமான்னு பாக்கறாங்களாம். இந்த ஊர்ல, என்னிக்கும் வர்ற மழை."

"மன்னிச்சுக்குங்க, மிஸ்டர் மிட்ஜ்லி."

"எட்கர்."

"எட்கர்." அந்தப் பெயரை வாயில் வைத்துப் பார்க்கவே விநோதமாக இருந்தது. "ஆனா செல்லுமான்னு தெரியலே. சும்மா வேலை விஷயமாத் தெரிஞ்சா செல்லாதாம். நான் உங்க ஜன்னலைத் துடைக்கிறவன்."

அவர் யோசித்தார். "துடைக்கறது உங்க வேலை. சரி. மாசா மாசம் உங்ககிட்ட முட்டை போட்டு ஜெயிக்காம நிக்கறது என் வேலையா?"

"இன்னிக்கு நீங்கதான் ஜெயிச்சீங்க."

"இன்னிக்கு நீங்க ஆடலே" என்றார். இழுப்பறையைத் திறந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்தார். அடுத்த வருடம் ஆகஸ்ட் வரை செல்லும். பிப்பா வாங்கிப் புரட்டினாள். ஒரு பக்கத்திலும் முத்திரை இல்லை. "கனடாவுல ஒரு தம்பி இருக்கான். நாலு தடவை டிக்கெட் போட்டாச்சு. ஒவ்வொரு தடவையும் யாராவது குறுக்கே செத்துடறாங்க."

படிவத்தில் கறுப்பு மையால் எழுதினார். எத்தனை வருடமாகத் தெரியும் என்ற கட்டத்தில் 'எட்டு'. எப்படித் தெரியும் என்ற இடத்தில் 'நண்பர்'. யோசிக்காமல் எழுதினார். நான்தான் அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு போட்டோவைத் திருப்பி வைத்தார். பிப்பா அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். எனக்கு இன்னும் உறுத்தியது, ஒளிப்பானேன். கை மெதுவாக நகர்ந்தது. இந்த ஊரில் அந்தக் கையெழுத்தை எல்லாரும் ஒரு தடவையாவது தலை குனிந்து படித்திருக்கிறோம். பிப்பா லூயிஸ் சக்டன். அழகான எழுத்து. மை காயும்வரை அவர் போட்டோவைக் கொடுக்கவில்லை.

"அம்மாடி" என்றார் பிப்பாவிடம். "இதுவரைக்கும் நான் பேர் எழுதி அனுப்பினவங்க ஒருத்தரும் திரும்பி வந்து, போன இடம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொன்னதில்லே. நீ வந்து சொல்லணும்."

"சரி" என்றாள் பிப்பா.

நான் வெளியே போய், காய்ந்து திட்டுத் திட்டாகிப்போன ஜன்னலை முதலிலிருந்து கழுவினேன். கண் எரிந்தது. சோப்பு என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மிஸஸ் காஸ்லிங் மூக்குக் கண்ணாடி வழியாக இரண்டு தடவை படித்துவிட்டு, "பாத்தீங்களா, ஒருத்தர் இருந்திருக்கார்" என்று ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். பாஸ்போர்ட் மூன்று வாரத்தில் வந்தது. பிப்பா போனாள். பதினாறு தாளமும் ஊதினாள். குழுவுக்கு நாலாவது இடம், அதைப் பற்றி மிஸஸ் நெய்லர் இன்னும் ஆறவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சந்தைச் சதுக்கத்தில் குழு திரும்பி வந்த பேருந்து நின்றது. ஊரே கூடியிருந்தது. பிப்பா இறங்கினாள், பையை என் கையில் திணித்தாள், "உங்க வாளி எங்கே?" என்று கேட்டாள். வேனிலிருந்து எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினாள். மிட்ஜ்லி கடையின் தெருப்பக்கக் கண்ணாடியில், யாரும் பார்க்க விரும்பாத அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால், நுரையைப் பூசி விரலால் பெரிதாக எழுதினாள். திருப்பிப் போட்டு எழுத அவளுக்குத் தெரியாது. உள்ளே திரை விலகியது. மிட்ஜ்லியின் முகம் தெரிந்தது, உதடு அசைந்தது, புரியவில்லை போலிருந்தது. பிப்பா கையைக் காட்டி வெளியே வரச் சொன்னாள்.

கதவு திறந்தது. எட்கர் மிட்ஜ்லி கறுப்புக் கோட்டோடும் ஆரஞ்சுச் செருப்போடும், சந்தை நாளில், நட்ட நடுப்பகலில் தெருவுக்கு வந்து நின்றார். நான் தெருவைக் கடந்து போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். இருவரும் சேர்ந்து படித்தோம்.

'வந்துட்டேன். நல்லா இருந்துச்சு.'

நான் திரும்பிப் பார்த்தேன். மிஸ் டென்பி, மாரீன், கவுன்சிலர், பல் டாக்டர், பேருந்தைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட வானத்தைப் பார்க்கவில்லை.